வரைபடத்தில் ‘காலி இடம்’ என்று எழுதியவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டியுள்ள பொது மைதானத்தில் சென்ற மாதம் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். மொத்தம் 14 குச்சிகள், தலையில் சிவப்புப் பெயின்ட். கிழக்கு ஓரத்து மர வரிசையையும் சேர்த்தால் மைதானத்தில் பாதிக்கு மேல் அந்தக் குச்சிகளுக்குள் போய்விட்டது. அங்கே ஒரு துணைமின் நிலையமும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரி கன்டெய்னர்களும் வரப்போவதாக அறிவிப்புப் பலகை சொல்கிறது. ஆட்சேபம் இருப்பவர்கள் 30 நாளுக்குள் எழுதித் தரலாம் என்றும், அதன்பிறகு ஒரு கூட்டம் நடக்கும் என்றும் கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நான் 33 வருஷம் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மின்சாரத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். வெயில் காலத்து இரவில் லோடு ஏறி, ஃபீடர்கள், அதாவது தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதைகள், ஒவ்வொன்றாக விழும்போது கன்ட்ரோல் ரூம் தொலைபேசி எப்படி ஓயாமல் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருக்கும் அப்பாவுக்காக, “இன்னும் எத்தனை நிமிஷம் ஆகும், அதை மட்டும் சொல்லுங்க” என்று ஒரு பெண் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. சப்ஸ்டேஷன்கள் வேண்டும். வண்டிகளும் அடுப்புகளும் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் இன்னும் நிறையவே வேண்டும். அவற்றை ஊருக்கு வெளியே எங்கோ தள்ளிவிடவும் முடியாது. மின்சாரம் செலவாகும் இடத்திலிருந்து தூரம் கூடக் கூட, கம்பியிலேயே வீணாகும் மின்சாரமும் கூடும், கடைசி வீட்டில் வோல்டேஜும் விழும். இதெல்லாம் தெரிந்தவன்தான் எழுதுகிறேன்.

எழுதக் காரணம் ஒரு பழைய கணக்கு. வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தபோது, இதேபோன்ற ஒரு மைதானத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

மேஜையில் மூன்று இடங்களின் வரைபடங்கள் இருந்தன. முதலாவது தனியார் நிலம். பங்காளிகள் பலர், ஏற்கெனவே வழக்கு வேறு. இரண்டாவது, வேறொரு துறையின் பயன்படாத பழைய கிடங்கு. அந்தத் துறையோடு கடிதப் போக்குவரத்து தொடங்கினாலே ஒரு வருஷம் ஓடிவிடும். மூன்றாவது, உள்ளாட்சியின் பொறுப்பில் இருந்த பொது மைதானம். உரிமையாளர் ஒருவர்தான், ஒரு தீர்மானம் போட்டால் போதும். சமதளம், சாலையை ஒட்டிய இடம், இடிக்க ஒரு சுவர்கூடக் கிடையாது. வேலையில் இருந்த எங்களைப் போன்றவர்களின் கண்ணில் அதைவிட நல்ல நிலம் இருக்க முடியாது.

நேரில் பார்க்கப் போனேன். வேலை நாள், காலை பதினொன்றரை மணி. யாருமே இல்லை. ஒரு மரத்தடியில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. சின்னச் செருப்பு, ஒன்றின் வார் அறுந்து, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பி, ‘தற்போதைய நிலப் பயன்பாடு’ என்ற கட்டத்தில் ‘காலி இடம்’ என்று எழுதினேன். மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.

நிலையம் கட்டி முடித்து மின்சாரம் கொடுத்தபின் பராமரிப்புக்காக வாரம் ஒருமுறை அங்கே போவேன். மைதானத்தில் மிச்சமிருந்த துண்டு நிலத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்குள் விழுந்த பந்துகளை எங்கள் ஆட்கள் ஜல்லிமேல் நடந்து பொறுக்கி வெளியே எறிவார்கள். முதல் மாதத்தில் வாரத்துக்கு ஐந்தாறு பந்து கிடக்கும். அப்புறம் ஒன்றிரண்டு. மூன்றாவது மாதம் பந்து வருவது நின்றுவிட்டது. ‘வெளியார் இடையூறு ஏதுமில்லை’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைக்காமல் இப்போது என்னால் எங்கள் மைதானத்தைச் சுற்றி ஒரு நடை நடக்க முடியவில்லை.

ஜல்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சப்ஸ்டேஷன் யார்டு, அதாவது கருவிகள் நிற்கும் திறந்தவெளி, முழுக்க ஜல்லி பரப்புவது பார்வைக்காக அல்ல. பூமிக்குள் மின்கசிவு பாயும் நேரத்தில், அங்கே நிற்பவரின் இரண்டு பாதங்களுக்கு இடையிலேயே ஆபத்தான மின்னழுத்தம் உண்டாகலாம். ஜல்லி அந்த மின்சாரம் உடம்பில் பாய்வதை வெகுவாகக் குறைக்கும். ஜல்லிக்கு இடையில் மண் சேர்ந்து புல் முளைத்தால் அந்தக் காப்பு குறையும், காய்ந்த புல் தீப்பிடிக்கவும் செய்யும். அதனால் யார்டுக்குள் ஒரு புல் தலைகாட்டினாலும் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தெளித்துக் கருக்க வேண்டும். புல் முளைக்கட்டும் என்று விட்டிருந்த நிலம், புல்லே முளைக்கக் கூடாத நிலமாக மாறுகிறது. மழைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மண்ணில் அடித்தளமும் கேபிள் கால்வாயும், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஒழுகினால் பிடிக்கும் குழியும் வருகின்றன. இது திரும்பி வராத மாற்றம். என் பணிக்காலத்தில் சப்ஸ்டேஷனைப் பிரித்துவிட்டு மைதானத்தைத் திருப்பித் தந்த ஒரு இடத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

“பாதி மைதானம் மிச்சம் இருக்கிறதே” என்று கூட்டத்தில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாதியும் முழுசாக மிஞ்சாது. நிலையத்துக்குள் மின்சாரம் ஏதோ ஒரு வழியாக வர வேண்டும், வேறு வழியாகப் போக வேண்டும். மேலே கம்பியாக வந்தால் அதன் கீழே இருபுறமும் ஓர் அகலத்துக்குக் கட்டடமும் கூடாது, உயரமாக வளரும் மரமும் கூடாது. இந்தியாவில் 220 கிலோவோல்ட் கம்பிப் பாதைக்கு 35 மீட்டர் அகலம் என்று கணக்கு. அரை கிலோமீட்டர் நீளம் போனாலே 17,500 சதுர மீட்டர், அதாவது இரண்டு கால்பந்து மைதானங்களுக்கும் மேல். இந்த நிலம் ‘கையகப்படுத்திய பரப்பு’ என்ற கணக்கில் வராது. வேலிக்குள் இருப்பதை மட்டும்தான் தாளில் காட்டுவார்கள்.

அப்புறம் சத்தம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நடுவம் விநாடிக்கு 100 முறை மிக நுட்பமாக நீண்டு சுருங்குகிறது. அதுதான் அந்த ‘ம்ம்ம்’ என்ற முனகல். தாழ்ந்த சுருதி என்பதால் சுவர் எழுப்பினாலும் வளைந்து தாண்டி வந்துவிடும். பகலில் யாருக்கும் தெரியாது. விடியற்காலையில், ஊர் அமைதியாக இருக்கும்போது, அமைதியைத் தேடி வந்து உட்காருகிறவருக்குத்தான் கேட்கும்.

பேட்டரி விஷயத்தில் பயமுறுத்த விரும்பவில்லை. லித்தியம் பேட்டரி நிலையங்களில் தீ அடிக்கடி நடப்பதல்ல. நடந்தால் அணைப்பது கடினம். 2019இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி நிலையத்தில் தீ என்று போன தீயணைப்பு வீரர்கள், வாயு சேர்ந்து வெடித்ததில் படுகாயமடைந்தார்கள். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையத்தில் பிடித்த தீயால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆகவே இப்படிப்பட்ட கன்டெய்னர்களைச் சுற்றி இடைவெளி வேண்டும், தீயணைப்பு வண்டி சுற்றி வர வழி வேண்டும். அந்த இடைவெளி எங்கிருந்து வரும்? நமக்கு மிச்சம் விட்டதாகச் சொல்கிற பாதியிலிருந்துதான். குழந்தைகள் விளையாட விட்ட இடமும் பேட்டரிக்கு விட்ட பாதுகாப்பு இடைவெளியும் ஒன்றாகவே இருக்க முடியாது. அறிவிப்புப் பலகையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, வேறு எங்கே வைப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேட்டரிக்கு வேண்டியது வலுவான மின் இணைப்பு, அது பழைய மின் நிலைய வளாகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஹேசல்வுட் நிலக்கரி மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். அதே வளாகத்தில் 2023இல் 150 மெகாவாட் பேட்டரி நிலையம் திறக்கப்பட்டது. பசுமையான நிலம் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. சூரிய மின்தகடுகளுக்கும் இதே பதில் உண்டு. பிரான்ஸ் 2023இல் கொண்டுவந்த சட்டம், 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்த வாகன நிறுத்துமிடங்களில் பாதிப் பரப்பிலாவது சூரியக் கூரை போடச் சொன்னது. காய்ந்த தார்த்தரைக்கு நிழலும் கிடைக்கிறது, மின்சாரமும் கிடைக்கிறது. புல்தரையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் என்ன?

சப்ஸ்டேஷனுக்கும் வழிகள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது இருக்கிற நிலையத்தையே பெரிதாக்க முடியுமா என்பது. 16 எம்விஏ (எம்விஏ என்பது திறனை அளக்கும் அலகு) டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு அதே மேடையைப் பலப்படுத்தி 25 எம்விஏ வைத்த வேலையை நானே செய்திருக்கிறேன், நிலம் ஒரு அடிகூடக் கூடுதலாகத் தேவைப்படவில்லை. அதுவும் போதாது என்றால் வாயுக் காப்பு முறை இருக்கிறது. திறந்த வெளியில் கம்பிகளுக்கிடையே காற்று இடைவெளி விடுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் வாயு நிரப்பிய உலோகக் குழாய்களுக்குள் அடக்கிவிடுவது. பழைய முறைக்குத் தேவைப்படும் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இதில் சுருக்க முடியும். இதிலும் குறை இருப்பதை மறைக்கக் கூடாது. வழக்கமாக நிரப்பும் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு) வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 23,500 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதனால் கசிவில்லாமல் பராமரிக்க ஆள் வேண்டும், வேறு வாயுவில் இயங்கும் கருவி கிடைத்தால் அதை வாங்க வேண்டும். செலவும் கூடும். அந்தக் கூடுதல் செலவைத் தவிர்ப்பதற்காகத்தான் மைதானம் போகிறது என்றால், அதை ஊராரிடம் அப்படியே சொல்லட்டும். சேமித்த பணம் இவ்வளவு, இழந்த மைதானம் இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் காட்டட்டும்.

பூமிக்கு அடியிலும் கட்டலாம். கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 2006இல் ஒரு சப்ஸ்டேஷனை நிலத்தடியில் கட்டி, மேலே பூங்கா அமைத்தார்கள். ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதற்கும் நூறு வருஷம் முந்தைய ஒரு கதையை. லண்டனில் டியூக் வீதியை ஒட்டி, தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே பொதுத் தோட்டம் ஒன்று இருந்தது. மின்சார நிறுவனம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு 1905இல் துணைமின் நிலையத்தைக் கட்டி முடித்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் என்ற பிரபு, மக்களிடமிருந்து எடுத்த தோட்டத்துக்கு ஈடாக அந்தக் கட்டடத்தின் கூரைமேல் ஒரு தோட்டம் அமைத்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அமைத்தார்கள். இன்று அதன் பெயர் பிரவுன் ஹார்ட் கார்டன்ஸ். மின்சாரம் ஊருக்குப் புதிதாக இருந்த காலத்திலேயே, எடுத்ததற்கு ஈடு கொடு என்று கேட்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. 1980களில் மின்வாரியம் அந்தக் கூரைத் தோட்டத்தை மூடிவிட்டது. 2007இல்தான் மறுபடி திறந்தார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் மக்கள் தெருவில் நின்று கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே நமக்கும் ‘மேலே பூங்கா அமைத்துத் தருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்தால் அதோடு திருப்தியாகிவிடக் கூடாது. அந்தப் பூங்காவின் சாவி யார் கையில் இருக்கும் என்று கேட்க வேண்டும்.

மின்சாரமும் பொது நன்மைதானே, அதற்காகப் பொது நிலத்தை எடுத்தால் என்ன என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் ஓய்வுபெற்ற பொறியாளர்தான். அவருக்கு நான் சொன்னது பெங்களூர் வழக்கு. குடியிருப்புத் திட்டத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? இருந்தும் 1991இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. காற்றுக்கும் விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் என்று விட்ட திறந்தவெளி செய்யும் வேலையை மருத்துவமனை செய்ய முடியாது, ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தால் ஈடாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அங்கே வசிப்பவர்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு என்றும் சொன்னது. மருத்துவமனைக்குப் பொருந்துவது சப்ஸ்டேஷனுக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் சொன்னேன். நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் நதிக்கரையில் ஸ்டார்ம் கிங் என்று ஒரு மலை. 1962இல் ஒரு பெரிய மின்நிறுவனம் அதன் அடிவாரத்தைக் குடைந்து நீரேற்று மின்நிலையம் (தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையம்) கட்டப்போவதாக அறிவித்தது. மக்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 1965இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் வழங்கும் ஆணையம் இரு தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நடுவராக மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது, மாற்று வழிகளைத் தானே தேடிப் பார்க்க வேண்டும் என்று உரிமத்தை ரத்து செய்தது. 1980இல் சமரசம் ஏற்பட்டு நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. 18 வருஷம். மலை அப்படியே நிற்கிறது, நியூயார்க்கில் விளக்கும் எரிகிறது.

நான் அதிகாரிகளிடம் கேட்பது அந்த 1965 தீர்ப்பு கேட்டதைத்தான். பரிசீலித்த எல்லா இடங்களின் வரைபடங்களையும் கூட்டத்தில் வையுங்கள். மற்ற இடங்களை ஏன் விட்டீர்கள் என்பதைக் குறிப்போடு சொல்லுங்கள். நான் அன்று எழுதியதுபோல ‘உரிமையாளர் பலர்’, ‘கடிதப் போக்குவரத்துக்குக் காலதாமதம்’ என்பதுதான் காரணம் என்றால், அது பொறியியல் காரணம் அல்ல. அப்படியும் வேறு வழியே இல்லை என்று நிரூபித்தால், அதே அளவு நிலத்தை நடந்து போகும் தூரத்தில் முதலில் மைதானமாக்கித் திறந்துவிட்டு, அதன்பிறகு இங்கே வேலி போடுங்கள். நஷ்டஈட்டுப் பணம் வேண்டாம். பணம் வேறு செலவுக்குப் போய்விடும், பிள்ளைகள் அதில் ஓட முடியாது. கேபிள் சுருளும் கம்பியும் இறக்கிவைக்கத் ‘தற்காலிகமாக’ இடம் கேட்டால், திருப்பித் தரும் தேதியைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

‘தற்போதைய நிலப் பயன்பாடு’ என்ற கட்டத்தை நிரப்பும் முன் மாலை ஐந்து மணிக்கும் ஒருமுறை வாருங்கள். போன ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, மைதானத்துக்குள் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டேன். இருட்டுவதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு வரும் ஓர் அம்மா, சிமென்ட் தரையில் வலிக்கிறது, இந்த மண்ணில்தான் கால் ஊன்ற முடிகிறது என்றார். மைதானத்தைச் சுற்றி நடந்து நடந்தே ஒரு வெள்ளைத் தடம் விழுந்திருக்கிறது, யாரும் போட்ட பாதை இல்லை. எந்த வரைபடத்திலும் அது கிடையாது. யாருமே வராத நாளிலும் மைதானத்துக்கு வேலை உண்டு. 1923இல் டோக்கியோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது லட்சக்கணக்கானோர் ஊயெனோ பூங்காவுக்கு ஓடித்தான் உயிர் பிழைத்தார்கள். அதன்பிறகு அந்த நகரத்தில் 3 பெரிய பூங்காக்களையும் 52 சிறிய பூங்காக்களையும் புதிதாக அமைத்தார்கள். அந்தச் சிறிய பூங்காக்களை ஆரம்பப் பள்ளிகளை ஒட்டியே வைத்தார்கள்.

உங்கள் நாளிதழ் ஒரு புகைப்படக்காரரை அனுப்பினால் நன்றாக இருக்கும். காலை பதினொன்றரைக்கு ஒரு படம், மாலை ஐந்தரைக்கு அதே இடத்தில் நின்று இன்னொரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கூட்டத்துக்கு நானும் போகிறேன். என் பழைய படிவத்தைப் பற்றி எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.

குச்சிகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பெரிய பையன்கள் சிலர் பிடுங்கிப் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், கூட்டத்துக்கு வருபவர்கள் அது எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் ஏழாவது குச்சியை ஓட்டப்பந்தயத்தின் எல்லையாக வைத்திருக்கிறார்கள். முதலில் வந்து தொடுகிறவரின் உள்ளங்கையில் சிவப்புப் பெயின்ட் ஒட்டுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணைமின் நிலையப் பொறியாளர் ஒருவர்